கோதுமை கலக்காத கோலா உருண்டை: முந்திரி, பலாக்கொட்டை, தெருவில் விழும் வாதாங்கொட்டை

முதுநகர் மல்லி (கடலூர்)

எல்லோருக்கும் வணக்கம். ஆடி மாதம் அண்ணன் குடும்பம் பிரான்சிலிருந்து வருகிறது. அண்ணன் மகளுக்குச் சீலியாக் நோய் என்று டாக்டர்கள் உறுதி செய்துவிட்டார்கள். கோதுமை, பார்லி, ரை மூன்றும் ஆயுசுக்கும் ஆகாது. பிள்ளைக்கு எங்கள் வீட்டுக் கோலா உருண்டை என்றால் உயிர். எங்கள் அம்மா ரஸ்க் தூள் போட்டுத்தான் பிடிப்பார்கள். ரஸ்க்கை எடுத்துவிட்டால் எண்ணெயில் பிரிந்து போகாமல் இருக்க என்ன சேர்க்கலாம்?

இன்னொன்றும் உண்டு. அண்ணி ஊர்ப்பக்கம் காட்டில் பொறுக்கிய செஸ்ட்நட், ஹேசல்நட் எல்லாம் கறியோடு சேர்த்துச் சமைப்பார்களாம். நம் ஊரில் பொறுக்கிய கொட்டையை வைத்து ஒரு கோலா செய்து அண்ணிக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. எங்கள் தெருவில் இரண்டு நாட்டு வாதாம் மரம் இருக்கிறது. பிள்ளைகள் பொறுக்கி உடைத்துத் தின்கிறார்கள். அதைக் கறியில் போடலாமா? பண்ருட்டி பக்கத்து ஆட்கள் முந்திரி பற்றியும் சொல்லுங்கள்.

நெய்வேலி மூன்றாம் வட்டம்

அக்கா, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? கோலாவில் ரஸ்க் எங்கிருந்து வந்தது? பொட்டுக்கடலையை அரைத்துப் போடுங்கள், முடிந்தது. எங்கள் பாட்டி காலத்தில் ரஸ்க்கைக் காய்ச்சல்காரனுக்கு டீயில் தொட்டுக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். கட்லெட் கடைகள் வந்த பிறகுதான் எல்லா உருண்டையிலும் ரொட்டித்தூள் ஏறியது.

முத்தியால்பேட்டை அத்தை (புதுச்சேரி)

நெய்வேலித் தம்பி சொல்வது சரிதான், ஆனால் பாதிதான் சரி. ரஸ்க்கை எடுத்துவிட்டால் கோதுமை போய்விட்டது என்று நினைத்துவிடாதே மல்லி. உன் வீட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படித்துப் பார். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் அசல் பெருங்காயம் கொஞ்சம்தான் இருக்கும். மீதி கோந்தும் மாவும். அந்த மாவு பல கம்பெனியில் கோதுமை மாவு, சிலவற்றில் அரிசி மாவு. கோலாவில் நீ பெருங்காயம் போடாவிட்டாலும் சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய் என்று எல்லா வழியிலும் அது உள்ளே வரும்.

அசல் பெருங்காயம் நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கும். விலை கூட, வாடையும் தூக்கும். கடுகளவு போதும்.

கோதுமை விலக்கு (புதுச்சேரி)

நானே சீலியாக் நோயாளி என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மல்லி அக்கா, இது அலர்ஜி மாதிரியான விஷயம் இல்லை. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி சிறுகுடலின் உட்சுவரையே தாக்கும். அங்கே சத்தை உறிஞ்சுகிற சின்னச் சின்ன முளைகள் தட்டையாகிப் போகும். அப்புறம் என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. ரத்தசோகை, எலும்புத் தேய்மானம், பிள்ளைகள் வளராமல் போவது எல்லாம் அதனால் வருவதுதான். மாத்திரை கிடையாது. குளூட்டனை விலக்குவது ஒன்றே வழி. 'கொஞ்சூண்டு தானே, ஒரு நாள் தானே' என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சை முதலிலேயே நிறுத்திவிடுங்கள். நம் நாட்டு உணவுச் சட்டப்படி குளூட்டன் இல்லை என்று பாக்கெட்டில் போட வேண்டுமானால் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அது எவ்வளவு குறைவு என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் கோலாவில் எதைச் சேர்ப்பது என்பதை விட, எதில் அரைக்கிறீர்கள், எதில் பொரிக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். மாவு மில்லில் முன்னால் நிற்பவர் கோதுமை அரைத்துவிட்டுப் போவார், அடுத்து உங்கள் பச்சரிசி விழும். முதல் படி மாவு முழுக்கக் கோதுமை கலந்துதான் வரும். பொட்டுக்கடலையை மளிகைக் கடையில் சில்லறையாக வாங்காதீர்கள். ரவைக்கும் மைதாவுக்கும் போடும் அதே அள்ளியைத்தான் இதற்கும் போடுவார்கள். மூடிய பாக்கெட் வாங்கி, கொட்டிப் பார்த்துப் பொறுக்கி, வீட்டு மிக்ஸியில் அரையுங்கள்.

அந்த மிக்ஸி ஜாரையும் விடாதீர்கள். மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தை ஓர் ஊக்கால் நெம்பி எடுத்துப் பாருங்கள். அடியில் பழைய மாவு காய்ந்து வெள்ளையாகப் படிந்திருக்கும். பிளேடுக்கு அடியிலும் அப்படித்தான். என் வீட்டில் எனக்கென்று தனி ஜார், தனிச் சல்லடை, தனி மரக்கரண்டி. சப்பாத்தி சுட்ட கல்லில் எனக்குத் தோசை கிடையாது. பூரி, சமோசா பொரித்த எண்ணெயை வடிகட்டி வைத்திருப்பீர்களே, அதில் கோலா பொரிக்கவே கூடாது. புது எண்ணெய் ஊற்றுங்கள்.

நெய்வேலி மூன்றாம் வட்டம்

இவ்வளவு இருக்கிறதா? சரி அண்ணே, ஒப்புக்கொள்கிறேன். எனக்கும் பூரி தின்றால் வயிறு உப்பும். நானும் கோதுமையை நிறுத்திப் பார்க்கட்டுமா?

கோதுமை விலக்கு (புதுச்சேரி)

நிறுத்தாதீர்கள். சந்தேகம் இருந்தால் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். நிறுத்திவிட்டுப் போனால் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் போகலாம். டாக்டரைப் பாருங்கள். மற்றபடி பூரி எண்ணெய்க்கே பலருக்கு வயிறு உப்பும்.

பரங்கிப்பேட்டை மரைக்காயர்

அஸ்ஸலாமு அலைக்கும். பிடிப்புக்கு என்ன போடுவது என்ற கேள்விக்கு வருகிறேன். கறியே பிடித்துக்கொள்ளும் தங்கச்சி, நாம்தான் அதை விடுவதில்லை.

பெரும்பாலும் வீட்டில் என்ன செய்கிறார்கள்? கொத்துக்கறியை வாங்கி வந்து நாலு தண்ணீரில் அலசுகிறார்கள். அப்புறம் மஞ்சள் தூள் போட்டு வேகவைத்து, வற்றவைத்து, அதை அரைத்துப் பிடிக்கிறார்கள். வெந்த கறியில் பிடிப்பு ஏது? அதனால்தான் பொட்டுக்கடலை, ரஸ்க், முட்டை என்று தேடவேண்டியிருக்கிறது. பச்சைக் கறியில் உப்புப் போட்டு உள்ளங்கையால் நன்றாக அழுத்திப் பிசைந்து பாருங்கள். கொஞ்ச நேரத்தில் கையில் ஒட்டும், இழுத்தால் நூல் மாதிரி வரும். உப்புக்குக் கறியிலுள்ள புரதம் கசிந்து வெளியே வருவதுதான் அது. எண்ணெயில் போட்டதும் அதுவே இறுகிக்கொள்ளும். எங்கள் பக்கம் பச்சைக் கறியில்தான் பிடிப்போம்.

கறியைக் கழுவ வேண்டுமென்றால் துண்டாக இருக்கும்போதே கழுவித் துடைத்துக் கொடுத்து, அப்புறம் கொத்தச் சொல்லுங்கள். கொத்தின பிறகு கழுவினால் ருசியும் போச்சு, பிடிப்பும் போச்சு. மெஷினில் அரைத்தால் கூழாகும். புளியமரக் கட்டையில் வைத்துக் கத்தியால் கொத்தித் தரச் சொல்லுங்கள். தொடைக்கறி, கூடவே கொஞ்சம் கொழுப்பு. சுத்தமாகக் கொழுப்பில்லாமல் வாங்கினால் உருண்டை கல்லாகிவிடும்.

முத்தியால்பேட்டை அத்தை (புதுச்சேரி)

மரைக்காயர் தம்பி, பச்சைக் கறியில் பிடித்தால் வெளியே கறுத்துவிடும், நடுவில் வேகாது. சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க எனக்குப் பயம். நான் வேகவைத்துத்தான் செய்வேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அப்படித்தான்.

பரங்கிப்பேட்டை மரைக்காயர்

உருண்டையை எலுமிச்சை அளவுக்கு மேல் பிடிக்காதீர்கள் அத்தை. எண்ணெய் புகையக் கூடாது, மிதமாகக் காய்ந்திருக்க வேண்டும். ஒன்றை உடைத்துப் பாருங்கள், நடுவில் சிவப்பு இருந்தால் தீயைக் குறைத்து இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள். வெப்பமானி வைத்திருப்பவர்கள் நடுவில் குத்திப் பார்க்கலாம், கொத்துக்கறிக்கு 71 டிகிரி வந்தால் போதும். வேகவைத்துச் செய்வதைக் குறை சொல்லவில்லை. அது வேறு ருசி, வெளியே மொறுமொறுப்பாக, உள்ளே பூப்பூவாக வரும். அதற்குப் பொட்டுக்கடலை கட்டாயம் வேண்டும். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

செம்மண் காட்டான் (பண்ருட்டி)

முந்திரி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தோப்பு வைத்திருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில், முந்திரிக்காட்டில் கீழே கிடக்கிறதே என்று பொறுக்காதீர்கள். முந்திரியில் அறுவடை என்பதே கீழே விழுந்ததைப் பொறுக்குவதுதான். பழுத்துத் தானாக விழுந்த கொட்டையில்தான் பருப்பு திரண்டிருக்கும். கடற்கரைக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்திவிட்டு டவுன் ஆட்கள் பை நிறையப் பொறுக்கிக்கொண்டு போகிறார்கள். அது காடு இல்லை, ஒருவருடைய ஒரு வருடப் பிழைப்பு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது எங்கள் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. அப்பா வைத்த மரத்தை மகன் விறகாக வெட்டி விற்றான். அதற்குப் பிறகு விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து ஒட்டுக்கன்று வாங்கி நட்டு, தண்ணீர் ஊற்றி, காய்ப்புக்கு வருஷக் கணக்கில் காத்துக் கிடந்தோம். கேட்டால் கொடுப்போம். கேட்காமல் எடுத்தால்தான் வருத்தம்.

பருவம் மாசி கடைசியில் ஆரம்பித்து வைகாசி வரை. ஆடியில் மரத்தில் ஒன்றும் இருக்காது, காயவைத்து மூட்டை கட்டிய கொட்டைதான் இருக்கும்.

அடுத்தது, தோலோடு இருக்கும் கொட்டையைப் பல்லால் கடிப்பது, அரிவாள்மனையில் பிளப்பது எல்லாம் பழகாதவர்கள் செய்யக் கூடாது. ஓட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது. பட்டால் தோல் வெந்து உரிந்துவிடும். முந்திரி, மா, வண்ணார் குறி போடுகிற சேங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பம், அதனால்தான் மூன்று பாலும் கையைப் புண்ணாக்கும். நாங்கள் வெளியில் ஓட்டைச் சட்டியில் போட்டு விறகு மூட்டிச் சுடுவோம். எண்ணெய் கசிந்து தீப்பிடித்து எரியும். காற்று அடிக்கிற பக்கம் நிற்கக் கூடாது, அந்தப் புகை கண்ணிலும் தொண்டையிலும் எரியும். மண்ணைப் போட்டு அணைத்து, ஆறின பிறகு கல்லால் ஒரு தட்டு. தட்டுகிறவர் கையில் சாம்பல் தடவிக்கொள்வார்.

நாலு கிலோ கொட்டைக்கு ஒரு கிலோ பருப்பு தேறினால் பெரிது. சுட்ட பருப்பில் அங்கங்கே கருகல் இருக்கும். கோலாவுக்கு அந்த வாசனைதான் வேண்டும். கடையில் வாங்கும் வெள்ளை முந்திரிக்கு அது கிடையாது. முழுப் பருப்பு வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள், உடைசல் போதும். மசாலா தடவின முந்திரி வேண்டாம், மேலே என்ன மாவு பூசியிருக்கிறார்களோ.

முதுநகர் மல்லி (கடலூர்)

அண்ணே, ரொம்ப நன்றி. பொறுக்குவது பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே அண்ணிக்குச் சொல்லிவிட்டேன். அப்படியென்றால் உண்மையிலேயே பொறுக்கலாம் என்பது எங்கள் தெரு வாதாம் மட்டும்தானா?

செம்மண் காட்டான் (பண்ருட்டி)

மல்லாட்டை இருக்கிறதே, வேர்க்கடலை! மல்லாட்டை பிடுங்கி முடித்த கொல்லையில் மண்ணுக்குள் விட்டுப்போனது நிறையக் கிடக்கும். ஒரு மழை பெய்தால் மேலே தெரியும். அதைப் பொறுக்குவதற்கு எங்கள் பக்கம் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சின்ன வயதில் அரைக்கால் சட்டைப் பை கிழிகிற மட்டும் பொறுக்கியிருக்கிறோம். ஒரே ஓர் எச்சரிக்கை. மண்ணில் கிடந்து ஈரம் ஏறினது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது, கசக்கிறது எதையும் சேர்க்காதீர்கள். அது ஈரலுக்கு விஷம். வறுத்தாலும் போகாது.

நெய்வேலி மூன்றாம் வட்டம்

கோலாவில் மல்லாட்டையா? சட்னியில் கறி போட்ட மாதிரி இருக்காதா?

முத்தியால்பேட்டை அத்தை (புதுச்சேரி)

நக்கல் செய்யாதே தம்பி. வறுத்துத் தோல் நீக்கி, ஒன்றிரண்டாக உடைத்துப் போட்டால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மொத்தக் கறியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாதே. கூடினால் அதன் வாடை கறியை அமுக்கிவிடும்.

எந்தக் கொட்டையானாலும் மிக்ஸியை விட்டு விட்டுச் சுற்று. தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கி விழுதாகிவிடும். அந்த விழுதைப் போட்டுப் பிசைந்தால் உருண்டை எண்ணெயில் விரிந்து போகும். கொட்டை பிடிப்புக்கு இல்லை, கடிக்கும்போது பல்லில் தட்டுப்படுவதற்கு. பிடிப்புக்கு மாவுச்சத்து உள்ளது ஏதாவது வேண்டும்.

ஆலங்குப்பம் வாத்தியார்

நாட்டு வாதாம் பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். பள்ளிக்கூட வளாகத்தில் இதை நடாத ஊர் நம் பக்கம் குறைவு. இலை சிவந்து உதிர்வதும், வௌவால் பழத்தைச் சப்பிவிட்டுக் கொட்டையைப் போடுவதும் பிள்ளைகளுக்கே தெரியும்.

வௌவால் கடித்துப் போட்டதைத் தொட வேண்டாம். நன்றாகக் காய்ந்து, பழுப்பு நிறத்தில், நார் தெரிகிற மாதிரி இருப்பதை எடுங்கள். காதருகில் குலுக்கிப் பாருங்கள். லேசாக ஆடினால் உள்ளே பருப்பு காய்ந்திருக்கிறது. விளிம்பு மேலே வருகிற மாதிரி நிறுத்தி, அதன் மேல் சுத்தியலால் அடித்தால் இரண்டாகப் பிளக்கும். பருப்பு சின்னதுதான். மெல்லிய பழுப்புத் தோலுக்குள் வெள்ளையாக, பாயைச் சுருட்டி வைத்தது போல் இருக்கும். விரித்தால் மடல் மடலாகப் பிரியும். பச்சையாகவே தின்னலாம், கசக்காது. மெல்லிய தீயில் வாணலியில் புரட்டினால் வாசனை ஏறும்.

சொல்லப்போனால் கூலி கட்டாது. ஒரு மதியம் முழுக்க நாலு பிள்ளைகள் உட்கார்ந்து உடைத்தால் ஒரு கைப்பிடி வரும். அரைத்துக் கலந்து வீணாக்காதீர்கள். ஒவ்வோர் உருண்டைக்கு நடுவிலும் இரண்டு மூன்று முழுப் பருப்பு வைத்து மூடுங்கள். சாக்கடை ஓரம், லாரி நிற்கிற இடம், மருந்து அடிக்கிற பூங்கா இதெல்லாம் தவிர்த்துப் பொறுக்குங்கள்.

கூடவே ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். பிள்ளைகளைப் பொறுக்க அனுப்பினால் காட்டாமணக்கைக் காட்டிக் கொடுத்து அனுப்புங்கள். வேலி ஓரத்தில் இருக்கும், காய்க்குள் கறுப்பாக மூன்று விதை. தின்றால் ருசியாகத்தான் இருக்கும், கொஞ்ச நேரத்தில் வாந்தியும் பேதியும் பிடுங்கிவிடும். நம் மாவட்டங்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக ஆஸ்பத்திரிக்குப் போவது இதனால்தான். மஞ்சள் அரளிக்கொட்டை அதைவிட மோசம், இதயத்தையே நிறுத்திவிடும். கடற்கரைப் பக்கம் உருண்டையாகக் கிடக்கும் புன்னைக்கொட்டை விளக்கெரிக்கிற எண்ணெய்க்கு, வாயில் வைக்க அல்ல. பேர் தெரியாத கொட்டையை நாக்கில் வைத்துப் பார்க்கிற வேலையே வேண்டாம்.

கோதுமை விலக்கு (புதுச்சேரி)

வாத்தியாருக்கு நன்றி. விருந்தாளிகளுக்கு முந்திரி, மல்லாட்டை, வாதாம் ஒத்துக்கொள்ளுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள் அக்கா. சீலியாக் இல்லாத யாருக்காவது கொட்டை அலர்ஜி இருக்கலாம். அது நிமிடத்தில் மூச்சை அடைக்கும்.

முதுநகர் மல்லி (கடலூர்)

கேட்டுவிட்டேன் தம்பி, யாருக்கும் இல்லை. அத்தை, மாவுச்சத்துள்ளது என்றீர்களே. பொட்டுக்கடலை தவிர வேறு என்ன? நம் ஊர் அடையாளமாக ஏதாவது இருந்தால் நன்றாக இருக்கும்.

முத்தியால்பேட்டை அத்தை (புதுச்சேரி)

பண்ருட்டிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறாயே! பலாக்கொட்டை. ஆனி, ஆடியில் வீட்டுக்கு வீடு சிதறிக் கிடக்கும். மேல் தோலை உரித்து, குக்கரில் குழைய வேகவை. உள்ளே ஒட்டியிருக்கும் பழுப்புத் தோலை முக்கால்வாசி சுரண்டினால் போதும். சூடாக இருக்கும்போதே கையால் மசி. ஆறினால் கட்டி தட்டும். அரைக் கிலோ கறிக்கு எட்டு அல்லது பத்துக் கொட்டை. கூடவே இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு. பிடிப்பும் இருக்கும், உள்ளே ஈரமும் இருக்கும். ரஸ்க் போட்டதைவிட மெத்தென்று வரும், இதைப் பந்தயம் கட்டிச் சொல்வேன்.

மார்கழி, தை என்றால் பனங்கிழங்கு. அவித்து, நார் உரித்து, நறுக்கிக் காயவைத்து இடித்தால் மாவு. அதில் லேசான கசப்பு உண்டு, மிளகு கூடப் போட்டால் தெரியாது. யாழ்ப்பாணத்தார் பனங்கிழங்கை மாவாக்கிக் கூழ், பிட்டு எல்லாம் செய்கிறார்கள். நாம்தான் பொங்கல் வாரத்தில் அவித்துத் தின்றுவிட்டு மறந்துவிடுகிறோம்.

ருசிக்கு வடகம் போடு. சித்திரை வெயிலில் சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் இடித்து, விளக்கெண்ணெய் விட்டு உருட்டிக் காயவைக்கிறோமே, அதேதான். புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்குப் போய் 'வதுவான்' என்று பெரிய பெரிய சமையல்காரர்கள் கறியிலும் மீனிலும் தூவுவது நம் வடகத்தின் வம்சம்தான். உன் அண்ணிக்கு வதுவான் என்று சொன்னால் புரியும். ஒரு வடக உருண்டையில் பாதியை உதிர்த்து எண்ணெயில் சிவக்கப் பொரித்து, நுணுக்கிக் கறியில் சேர். சோம்பும் கசகசாவும் போட்ட கோலாவுக்கு மேல் இது ஒரு படி தூக்கிக் கொடுக்கும்.

கோதுமை விலக்கு (புதுச்சேரி)

அத்தை, வடகத்தில் பெருங்காயத்தூள் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கடையில் வாங்கும் வடகமானால் கேட்டு வாங்க வேண்டும்.

முத்தியால்பேட்டை அத்தை (புதுச்சேரி)

நல்ல வேளை சொன்னாய். நான் போடுவதில்லை. மல்லி, இந்த வருட வடகம் என்னிடம் இருக்கிறது, புதுச்சேரி பக்கம் வந்தால் வாங்கிக்கொண்டு போ.

இன்னொன்று. எங்கள் உறவுக்காரர் சைகோனில் பிரெஞ்சு உத்தியோகம் பார்த்துத் திரும்பியவர். அந்த மாதிரிக் குடும்பங்களில் கறி உருண்டைக்குத் தொட்டுக்கொள்ள நொக்மாம் என்கிற வியட்நாம் மீன் சாஸ் வைப்பார்கள், நெம் என்கிற சுருள் பொரிப்பார்கள். நெம் சுற்றுவது அரிசித் தாளில் என்றால் உன் அண்ணன் மகள் அதையும் சாப்பிடலாம். நொக்மாம் மீனும் உப்பும்தான், இருந்தாலும் பாட்டில் லேபிளைப் படி. சோயா சாஸ் மட்டும் வேண்டாம், பெரும்பாலானவற்றில் கோதுமை சேர்த்துத்தான் புளிக்க வைக்கிறார்கள்.

முதுநகர் மல்லி (கடலூர்)

மரைக்காயர் அண்ணன் முறையையும் அத்தை முறையையும் சேர்த்து இந்த ஞாயிறு செய்து பார்த்தேன். எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும்.

தொடைக்கறி அரைக் கிலோ, கட்டையில் கொத்தியது, கழுவாதது. பாதியை மிக்ஸியில் ஒரு சுற்று, மீதி அப்படியே. ஒன்றரைத் தேக்கரண்டி கல்லுப்பைப் பொடித்துப் போட்டு, கையில் ஒட்டுகிற வரை பிசைந்தேன். உண்மைதான், இழுத்தால் நூல் விட்டது. பிறகு மசித்த பலாக்கொட்டை, பொட்டுக்கடலை மாவு, பொரித்து நுணுக்கிய வடகம். பத்துச் சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி வதக்கி ஆறவைத்தேன். பச்சை வெங்காயம் தண்ணீர் விடுகிறது. இரண்டு பிடி தேங்காய்த் துருவல், ஒரு தேக்கரண்டி சோம்பு, ஒரு தேக்கரண்டி கசகசா, ஆறு காய்ந்த மிளகாய், ஒரு துண்டு இஞ்சி, ஆறு பல் பூண்டு, ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு எல்லாம் தண்ணீரில்லாமல் அரைத்தது. கடைசியில் ஐம்பது கிராம் சுட்ட முந்திரி உடைசல். முட்டை போடவில்லை. அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மல்லாட்டை எண்ணெயில் பொரித்தேன்.

ஓர் உருண்டைகூடப் பிரியவில்லை. வடக வாசனைக்குப் பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல் வழியாக என்ன குழம்பு என்று கேட்டார். தெரு வாதாம் பருப்பை நடுவில் வைத்தவற்றைப் பிள்ளைகள் தேடித் தேடி எடுத்தார்கள். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை, சுட்ட முந்திரிதான் தூக்கலாக இருந்தது. ஆனால் பொறுக்கியவர்கள் அவர்கள், அதனால் ருசி அவர்களுக்கு.

இரண்டு சந்தேகம். முன்னாடியே பிடித்து ஃப்ரீசரில் வைக்கலாமா? செம்மண் அண்ணே, அண்ணியை உங்கள் தோப்புக்கு அழைத்து வந்து கொட்டை சுடுவதைக் காட்டலாமா?

பரங்கிப்பேட்டை மரைக்காயர்

வைக்கலாம். தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, இறுகின பிறகு டப்பாவில் மாற்றுங்கள். பொரிப்பதற்கு முதல் நாள் ராத்திரி கீழ்த்தட்டில் எடுத்து வைத்துவிடுங்கள். உறைந்ததை அப்படியே எண்ணெயில் போட்டால் அத்தை பயந்தது நடக்கும், வெளியே கறுத்து நடுவில் பச்சையாக நிற்கும். கல்லுப்பு ஒன்றரைத் தேக்கரண்டி எனக்குக் கொஞ்சம் கூடுதலாகப் படுகிறது, வடகத்திலும் உப்பு இருக்கும். ஒன்றோடு நிறுத்திப் பாருங்கள்.

நெய்வேலி மூன்றாம் வட்டம்

எனக்கும் அரை டஜன் எடுத்து வையுங்கள் அக்கா. மல்லாட்டை பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

செம்மண் காட்டான் (பண்ருட்டி)

தாராளமாக அழைத்து வாருங்கள் தங்கச்சி. எனக்காக ஒரு மூட்டைக் கொட்டை வைத்திருக்கிறேன், அதில் சுடலாம். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் வந்துவிடுங்கள், மதியத்துக்கு மேல் காற்று திரும்பினால் புகை வீட்டுப் பக்கம் அடிக்கும். எல்லோரும் பழைய துணி போட்டுக்கொண்டு வரட்டும், முந்திரிக் கறை எந்தச் சோப்புக்கும் போகாது. பலாக்கொட்டை எவ்வளவு வேண்டும் என்று இரண்டு நாள் முன்னால் சொல்லுங்கள், கழுவிக் காயவைத்து வைக்கிறேன்.